1899 சீரிஸை நிறுத்திட்டாங்க: கீழ்த்தளத்து ஆளுங்க கதையை யார் முடிக்கிறது?

கறுப்பு_பிரமிடு (ராயபுரம்)

2023 ஜனவரி 2ஆம் தேதி, 1899ங்கிற நெட்பிளிக்ஸ் சீரிஸை எடுத்த பாரன் போ ஓடாரே இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டார். 1899க்கு அடுத்த சீசன் கிடையாது. தங்களோட முந்தின சீரிஸ் டார்க் மாதிரி இதையும் மூணு சீசன்ல முடிக்க ஆசைப்பட்டோம், நடக்கலைன்னு நாலு வரி. 2022 நவம்பர் 17 வந்த சீரிஸ், பொங்கலுக்கு முன்னாடியே மூடுவிழா.

பார்க்காதவங்க இதோட நிறுத்திக்குங்க, இழை முழுக்க ஸ்பாய்லர்.

ஐரோப்பாவுல இருந்து நியூயார்க் போற கெர்பரோஸ் கப்பல். நாலு மாசமா காணாமப் போன புரோமிதியஸ்ங்கிற இன்னொரு கப்பல்ல இருந்து சிக்னல் வருது. கேப்டன் ஐக் லார்சன் கப்பலைத் திருப்புறார். அங்க போனா ஆளே இல்ல, அலமாரிக்குள்ள ஒரு பையன் மட்டும், கையில ஒரு கறுப்புப் பிரமிடு. அப்புறம் எட்டு எபிசோட் தலைசுத்தல். கடைசியில எல்லாமே சிமுலேஷன், அதாவது கம்ப்யூட்டர் காட்டுற பொய் உலகம்; கதாநாயகி மாரா கண் முழிக்கிறது 2099ல ஒரு விண்கலத்துல.

எல்லாரும் "விடை தெரியாமப் போச்சே"ன்னு புலம்புறாங்க. எனக்கு அந்த வருத்தம் பெருசா இல்ல. விடையில பாதியை அந்தக் கடைசிக் காட்சியிலயே குடுத்துட்டாங்க. என் கோவம் வேற. அடுப்பங்கரி அள்ளுற ஓலக், ஜப்பான்காரின்னு வேஷம் போட்டுக்கிட்டு வந்த ஹாங்காங் பொண்ணு லிங் யீ, கீழ்த்தளத்துல அடைஞ்சு கிடக்கிற டென்மார்க் குடும்பம், திருட்டுத்தனமா ஏறின ஜெரோம். இவங்க எல்லாரையும் நமக்குப் பழக்கப்படுத்திட்டு, கடைசி அரை மணி நேரத்துல ஓரமா தள்ளிட்டு, மாரா, அவ புருஷன், அவ அப்பா, அவ அண்ணன்னு ஒரு பணக்கார வீட்டுச் சண்டையா முடிச்சுட்டாங்க. அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்னு நினைச்சிருப்பாங்க. அடுத்த சீசன் இல்ல. அந்த ஆளுங்க விண்கலத்துக் கூண்டுக்குள்ள தூங்கிக்கிட்டே கிடக்கிறாங்க.

நம்ம பக்கத்து ஆளுங்க என்ன நினைக்கிறீங்க?


வியாசை_கோல்கீப்பர்

செம்ம பேஜாருபா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிக்கினு பாத்தேன். நாளிக்கு கிரவுண்டுக்குப் போவணும்னு தெரிஞ்சும் அடுத்தது அடுத்ததுன்னு போட்டுக்கினே இருந்தேன். இப்போ வந்து இல்லன்றான். இன்னா நியாயம் இது? நம்மூட்டு டிவில ஓட்ற சீரியலு ஆயிரம் எபிசோடு தாண்டியும் நிக்க மாட்டேன்து. அத்த நிறுத்துங்கடா மொதல்ல.


தண்டையார்பேட்டை_தாமரை

ஒரு ரசிகையா எனக்கும் வருத்தம்தான். ஆனா பாதிப் பழி படைப்பாளிங்க மேல போடணும்.

டார்க் முதல் சீசன் ஞாபகம் இருக்கா? யோனாஸோட அப்பா மைக்கேல்தான் காணாமப் போன மிக்கேல்னு அந்த சீசன்லயே சொல்லிட்டாங்க. அந்தப் பையன் எங்க போனான்ங்கிற முதல் எபிசோட் கேள்விக்கு அதுலயே பதில் கிடைச்சுடுச்சு. அதோட நின்னிருந்தாலும் நான் வயிறு நிறைஞ்சு எழுந்திருப்பேன். 1899ல என்ன பண்ணாங்க? ஒவ்வொரு எபிசோட்லயும் யாரோ ஒருத்தரோட பழைய காயத்தைக் காட்டுறாங்க, அந்த ஞாபகத்துக்குள்ள ஒரு சுரங்க வழி, வழியா போனா இன்னொருத்தர் ஞாபகம். காயம் எப்படி வந்ததுன்னு தெரியும். அந்த ஆள் அதுக்கப்புறம் என்ன ஆனார்னு தெரியாது. எட்டு மணி நேரமும் வாசல்லயே நிக்க வெச்சுட்டு, உள்ள வாங்கன்னு சொல்லும்போது கடை சாத்தியாச்சு.

மூணு சீசனுக்குத் திட்டம் போட்டது தப்பில்ல. கையில ஒரு சீசன் ஒப்பந்தம்தான் இருக்குன்னு தெரிஞ்சும் எல்லா நகையையும் மூணாவது சீசன் லாக்கர்லயே வெச்சது அகம்பாவம்.


டாலி_கிளார்க்

நான் துறைமுகத்துல டாலி வேலை பாக்கிறவன். ஏறி இறங்குற சரக்கை எண்ணி எழுதுறதுதான் பொழப்பு. கப்பல் சீரிஸ்னு சொன்னதும் பார்க்க உக்காந்தேன். கதையைப் பத்தி நீங்க பேசிக்குங்க, நான் கப்பலைப் பத்திச் சொல்றேன்.

கொதிகலன் அறையை நல்லா எடுத்திருக்காங்க. அந்தக் காலத்து நிலக்கரிக் கப்பல்ல கீழ ரெண்டு வகை ஆளுங்க. டிரிம்மர்னு ஒருத்தன், கரி அறையில இருந்து கைவண்டியில கரியைத் தள்ளிக்கிட்டு வந்து கொட்டுவான். ஒரு பக்கமே கரி காலியானா கப்பல் சாய்ஞ்சுடும், அதனால ரெண்டு பக்கமும் சமமா எடுக்கிறது அவன் பொறுப்பு. இன்னொருத்தன் பயர்மேன். அள்ளி வீசுறது மட்டும் இல்ல, நெருப்பு மேல சீரா பரப்பணும், நடுவுல கட்டி தட்டிப்போற கசடை நீளக் கம்பியால இழுத்து வெளிய போடணும். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். வெயில் காலத்துல மயங்கி விழுந்தா மேல தூக்கிட்டுப் போய் தண்ணி தெளிச்சு மறுபடி அனுப்புவாங்களாம், எங்க பெரிய சரங்கு (மேஸ்திரி) சொல்வார், அவருக்கு அவர் தாத்தா சொன்னது.

குறைன்னு பார்த்தா ஓலக் முகம். கரி அள்ளுறவன் முகத்துல தூசு அப்பிக்கிட்டு இருக்கிற மாதிரி மேக்கப் போட்டிருக்காங்க, சரி. ஆனா கரித்தூள் அப்படி உக்காராது. இமை ஓரத்துல மை தீட்டின மாதிரி கோடா நிக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போவாது. காது மடல் பின்னாடி, நகக் கண்ணுல, கழுத்து மடிப்புல. ராயபுரத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்லணுமா? 2011ல கோர்ட்டு உத்தரவுக்கு அப்புறம் சென்னைத் துறைமுகத்து நிலக்கரியை எண்ணூர் பக்கம் மாத்துற வரைக்கும் நம்ம மொட்டைமாடியில வெள்ளை வேட்டி காயப்போட முடிஞ்சுதா?

இன்னொண்ணு. 1899ல நம்ம நாட்டு லஸ்கருங்க, அதாவது கப்பல் கூலி ஆளுங்க, பிரிட்டிஷ் கப்பல்கள்ல அடுப்படி வேலையில ஆயிரக்கணக்குல இருந்தாங்க. இந்தக் கப்பல்ல ஒருத்தர் கூட கண்ணுல படல. போலந்துக்காரன் இருக்கான், சந்தோஷம்.


வியாசை_கோல்கீப்பர்

டாலி அண்ணாத்த, சிமுலேஷன்ல கரித்தூளு கூட சிமுலேஷன்தானே. அதான் சரியா ஒட்டல 😄


டாலி_கிளார்க்

அட, அதுவும் சரிதான்பா. இதை வெச்சே தப்பிச்சுக்குவாங்க போல.


பெரம்பூர்_லோகோ

எல்லாரும் உணர்ச்சியில பேசுறீங்க. கொஞ்சம் கணக்கு பேசுவோம்.

முதல் நாலு நாள்ல 1899 ஏறக்குறைய எட்டு கோடி மணி நேரம் பார்க்கப்பட்டதுன்னு நெட்பிளிக்ஸே தன்னோட டாப் 10 பட்டியல்ல போட்டது. பார்த்தவங்க இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா ஆரம்பிச்சவங்க எத்தனை பேர், எட்டாவது எபிசோட் வரைக்கும் வந்தவங்க எத்தனை பேர்ங்கிற கணக்குதான் முடிவு பண்ணும். அந்தக் கணக்கை அவங்க வெளிய சொல்றதில்ல. மூணு எபிசோட் பார்த்துட்டு "ஒண்ணும் புரியல"ன்னு மூடினவங்க நம்ம குரூப்லயே இருக்காங்க, கையைத் தூக்கச் சொன்னா தூக்க மாட்டாங்க.

அதோட செலவு. பெர்லின் பக்கத்துல பாபல்ஸ்பெர்க் ஸ்டுடியோவுல இதுக்குன்னே பெரிய எல்ஈடி சுவர் வெச்ச மேடை கட்டினாங்க. கடல், வானம், அடிவானம் எல்லாம் அந்தச் சுவர்ல ஓடுற படம். எட்டு மொழி நடிகர்கள். நெட்பிளிக்ஸ் முன்கூட்டியே முழுச் செலவும் குடுத்து அது மேல லாபமும் குடுத்து வாங்குற ஆளு. சீசன் ஏற ஏற சம்பளமும் போனஸும் ஏறும். புது ஆளுங்களை உள்ள இழுக்காத சீரிஸுக்கு ரெண்டாவது சீசன்ங்கிறது அவங்க கணக்குல நஷ்டம்.

"தி எக்ஸ்பான்ஸ்ங்கிற விண்வெளி சீரிஸை காப்பாத்தினாங்களே, இதை ஏன் முடியாது"ன்னு கேப்பீங்க. 2018 மே மாசம் சைஃபை சேனல் மூணு சீசனோட அதை நிறுத்துச்சு. ரசிகருங்க காசு போட்டு அமேசான் ஸ்டுடியோ மேல பேனர் கட்டின விமானம் பறக்க விட்டாங்க. ரெண்டே வாரத்துல ஜெஃப் பெசோஸ் மேடையில நின்னு "சீரிஸ் பிழைச்சுது"ன்னு அறிவிச்சார். பேனர் பறந்ததால மட்டும் அது நடக்கல. அந்த சீரிஸோட சொந்தக்காரன் அல்கான்ங்கிற தயாரிப்பு நிறுவனம். சைஃபைகிட்ட இருந்தது முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும். அதனால அல்கான் சரக்கைத் தூக்கிக்கிட்டு அடுத்த கடைக்குப் போக முடிஞ்சுது. 1899 நெட்பிளிக்ஸ் சொந்தச் சரக்கு. அவங்களே பூட்டினா வெளியாள் திறக்க முடியாது.


கொருக்குப்பேட்டை_குருவி

பிரேசில் காமிக்ஸ்ல இருந்து சுட்டதுன்னு கேஸ் ஆகி அதனாலதான் நிறுத்தினாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?


பெரம்பூர்_லோகோ

ஒரு பிரேசில் காமிக்ஸ் கலைஞர் அப்படிக் குற்றம் சாட்டினது நிஜம். ஓடாரும் அவரோட சேர்ந்து சீரிஸை உருவாக்கின யான்ட்யே ஃப்ரீஸும் மறுத்தாங்க. அதனாலதான் சீரிஸ் நின்னுச்சுங்கிறது வாட்ஸ்அப் கதை.


பழைய_வண்ணை

நீங்கல்லாம் இப்பதான் அடி வாங்குறீங்க. நான் ஃபயர்ஃப்ளைங்கிற பழைய அமெரிக்க சீரிஸ்லயே வாங்கினவன்.

2002 செப்டம்பர்ல ஃபாக்ஸ் சேனல்ல ஆரம்பிச்சது. செரினிட்டின்னு ஒரு ஓட்டை விண்கலம், அதுல ஒன்பது பேர், சின்னச் சின்னக் கடத்தல் பொழப்பு. அந்த ஒன்பது பேரையும் அறிமுகப்படுத்துற ரெண்டு மணி நேர முதல் எபிசோடை ஃபாக்ஸ் எப்ப போட்டான் தெரியுமா? டிசம்பர் 20, கடைசியா. நடுவுல எபிசோடுங்க வரிசையும் மாறி மாறி ஓடுச்சு, அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி. 14 எடுத்தாங்க, 11 தான் அப்போ ஓடுச்சு. யார் யாருன்னே தெரியாம பார்த்தவன் என்னத்த ரசிப்பான்?

அமெரிக்காவுலயே அது டிவிடியிலதான் உயிர் பிடிச்சது. அந்த விற்பனையைப் பார்த்துட்டுத்தான் 2005ல படமா எடுத்தாங்க. நான் பார்த்ததும் டிவிடியிலதான். பாரீஸ் கார்னர்ல கடை கடையா அலைஞ்சு வாங்கினது. அட்டையில வேற ஏதோ படத்தோட போஸ்டர், உள்ள தட்டுல ஸ்கெட்ச் பேனாவுல "ஸ்பேஸ் சீரியல் 4 டிஸ்க்"ன்னு எழுத்து. கடைக்காரர், "இத்தை யாரும் கேக்க மாட்டாங்க சார், நீங்க ஒருத்தர்தான்"னு சொல்லி பத்து ரூபா குறைச்சுக் குடுத்தார்.

பிரமிடு தம்பி சொன்னதுல ஒண்ணு எனக்குப் பிடிச்சது. ஃபயர்ஃப்ளையில பெரிய புதிர்லாம் முடியலதான். அதுல வர்ற ரிவர்ங்கிற பொண்ணுக்கு என்ன பண்ணாங்கங்கிறது பாதியில நின்னுச்சு. ஆனா ஒவ்வொரு எபிசோட்லயும் அந்த ஒன்பது பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுவாங்க, சண்டை போடுவாங்க, ஒருத்தன் பங்கை இன்னொருத்தன் பிடுங்குவான். அதனாலதான் இருபது வருஷம் கழிச்சும் அவங்களை எனக்குத் தெரியும். கெர்பரோஸ்ல ஓலக்குக்கு என்ன பிடிக்கும்னு உங்க யாருக்காவது தெரியுமா?


மாடரேட்டர்

பர்மா பஜார் நினைவுகளோட நிறுத்திக்குங்க. திருட்டுத்தனமா பார்க்க டெலிகிராம் லிங்க் போட்ட ரெண்டு பதிவை எடுத்துட்டேன். மூணாவது வந்தா ஆளையே எடுத்துடுவேன்.


எண்ணூர்_மீனா

எல்லாரும் கதையையும் கணக்கையும் பேசுறீங்க, மொழியை யாருமே தொடலையே. எனக்கு இந்த சீரிஸ்ல பிடிச்சதே அதுதான்.

எங்க வீட்டுல முதல்ல இங்கிலீஷ் டப்பிங்ல தானா ஓட ஆரம்பிச்சது. எல்லாரும் ஒரே மொழி பேசுறாங்க, அப்புறம் ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியலைன்னு முழிக்கிறாங்க. என்னடா இது கிறுக்குத்தனமான்னு பார்த்தா, மொழியை மாத்தணுமாம். ஒரிஜினலுக்கு மாத்தினதும் வேற சீரிஸ் ஆயிடுச்சு. ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், டேனிஷ், போலிஷ், கான்டனீஸ், இங்கிலீஷ். ஓலக்கும் லிங் யீயும் பேசுற காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்க. அவன் போலிஷ்ல சொல்றான், அவ கான்டனீஸ்ல சொல்றா. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவ வாயையே பார்த்துக்கிட்டிருப்பா. பதில் சொல்லும்போது குரலைத் தணிச்சுக்குவா. புரிஞ்சதா இல்லையான்னு ரெண்டு பேரும் கவலைப்படல.

நான் வேலை பார்க்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில ஒடியா பேசுற பொண்ணுங்க பாதிப் பேர். சாப்பாட்டு நேரத்துல எங்க லைன் அக்காவும் ஒரு ஒடியா பொண்ணும் தினம் பேசிக்குவாங்க. அக்காவுக்கு ஒடியா வராது, அந்தப் பொண்ணுக்குத் தமிழ்ல "அக்கா, போதும், வலிக்குது" மூணுதான். ஆனா அக்காவோட மருமக கதை அவளுக்கு முழுசா தெரியும். அந்தக் கப்பல் கீழ்த்தளத்தைப் பார்க்கும்போது எனக்கு அறிவியல் புனைவு பார்க்கிற மாதிரியே இல்ல.

பழைய வண்ணை அண்ணா, ஓலக்குக்கு என்ன பிடிக்கும்னு கேட்டீங்களே. லிங் யீயைப் பிடிக்கும். அது போதாதா?


பழைய_வண்ணை

போதாதும்மா. ஆனா நல்ல பதில்.


தண்டையார்பேட்டை_தாமரை

மீனா சொல்றதை ஒத்துக்கிறேன், அந்த மொழி விஷயம் வேற யாரும் பண்ணல. அதே மாதிரி பல நாட்டு ஆளுங்களை வெச்சு எடுத்த சென்ஸ்8ஐயும் இதே நெட்பிளிக்ஸ்தான் 2017 ஜூன்ல நிறுத்துச்சு. அதுல மும்பை பொண்ணு ஒருத்தி உண்டு. உலகம் முழுக்க ரசிகருங்க கத்தின கத்தல்ல ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு கடைசி எபிசோட் எடுத்துக் குடுத்தாங்க, 2018 ஜூன்ல வந்தது. அவசர அவசரமா முடிச்ச மாதிரிதான் இருந்தது, கல்யாணம், பாட்டு, கட்டிப்பிடிக்கிறதுன்னு. ஆனா முடிச்சாங்க. லோகோ அண்ணா சொல்ற கணக்கெல்லாம் அப்பவும் இருந்ததுதானே? நஷ்டம்னு தெரிஞ்சும் ஒரு எபிசோட் குடுக்க முடிஞ்சவங்களுக்கு இப்ப மட்டும் ஏன் முடியல?


பெரம்பூர்_லோகோ

2017ல நெட்பிளிக்ஸ் வளர்ந்துக்கிட்டே இருந்த காலம். நல்ல பேர் வாங்குறதுக்குச் செலவு பண்ணலாம். 2022 முதல் ஆறு மாசத்துல சந்தாதாரருங்க எண்ணிக்கை குறைஞ்சு பங்கு விலை பாதிக்கு மேல சரிஞ்சுது. இப்ப எல்லா கம்பெனியும் கத்தரிக்கோலோடதான் உக்காந்திருக்கான். ஹெச்பிஓ வெஸ்ட்வேர்ல்டை நாலு சீசனோட நிறுத்தினதோட விடல, 2022 டிசம்பர்ல தளத்துல இருந்தே தூக்கிட்டான். 1899ஐ நிறுத்தியும் பார்க்கவாவது விட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு சந்தோஷப்படு.


தண்டையார்பேட்டை_தாமரை

"அடிக்காம விட்டானே, சந்தோஷப்படு"ங்கிற மாதிரி இருக்கு. நான் மாசாமாசம் காசு கட்டுறவ. நீங்க அவங்க ஆபீஸ் கணக்கப்பிள்ளை மாதிரியே பேசுறீங்க.


பெரம்பூர்_லோகோ

கோவிச்சுக்காத தாமரை. ஏன் நடந்ததுன்னு சொல்றேன், நல்லதுன்னு சொல்லல. டார்க்கை நான் மூணு தடவை பார்த்தவன்.


கறுப்பு_பிரமிடு (ராயபுரம்)

தூங்கி எழுந்து பார்த்தா இழை எங்கயோ போயிடுச்சு.

தாமரை அக்கா, அகம்பாவம்னு சொன்னீங்க. நான் அதைக் கொஞ்சம் வேற இடத்துல வெச்சுப் பார்க்கிறேன். புதிரைத் தள்ளிப் போட்டது எனக்குப் பிரச்னை இல்ல. புதிர் தாமதமாகலாம், ஆளுங்க தாமதமாகக் கூடாது. ஒரு இடம் சொல்றேன். கம்பெனியில இருந்து புரோமிதியஸ் "கப்பலை மூழ்கடி"ன்னு தந்தி வருது இல்ல? பயங்கரமான காட்சி. அதுக்கு கேப்டன் எடுக்கிற முடிவோட வலி யாருக்கு? முதல்ல கீழ இருக்கிறவங்க. கீழ்த்தளத்துல எத்தனை குழந்தைங்க. ஆனா அந்தத் தந்திக்கு அப்புறம் கேமரா போற இடம் கேப்டன் அறை, கேப்டனோட பழைய துக்கம். அவர் துக்கம் நிஜம்தான், ஆண்ட்ரியாஸ் பீட்ச்மன் கண்ணுலயே நடிக்கிறார், ஒத்துக்கிறேன். கலகம் பண்ணி மேல வர்ற கீழ்த்தளத்து ஆளுங்களையோ மூடநம்பிக்கைக் கும்பலாத்தான் காட்டுறாங்க. பையனைக் கடல்ல தூக்கிப் போடுற கூட்டம். அவங்க பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. பிணம் விழுந்துக்கிட்டே இருக்கு, எந்தத் தகவலும் கீழ வர்றதில்ல. நம்மகிட்ட மட்டும் எல்லாத் தகவலும் நேரா வருதா என்ன?

ரெண்டாவது சீசன் வந்திருந்தா விண்கலத்துல அவங்க யாரா இருந்திருப்பாங்கன்னு எனக்கு ஆசை. 1423 பயணிகள், 550 பணியாளருங்கன்னு திரையில வருது. ஓலக் 2099லயும் இன்ஜின் பக்கம்தானா, இல்ல கரி அள்ளுறவன்ங்கிறதே அவனுக்கு யாரோ மாட்டிவிட்ட வேஷமா? நிஜத்துல அவன் பெரிய விஞ்ஞானியா இருந்து, சிமுலேஷன் எழுதினவங்க அவனைக் கீழ தள்ளியிருந்தா? அதுதான் நான் பார்க்க நினைச்ச சீரிஸ்.


டாலி_கிளார்க்

இதை நீயே எழுதலாமே தம்பி. நிஜமாச் சொல்றேன். கொதிகலன் அறைச் சந்தேகம் இருந்தா என்னைக் கேளு.


எண்ணூர்_மீனா

ஓலக் 2099ல விண்கலத்துச் சமையல்காரன். என் ஓட்டு அதுக்கு.


கொருக்குப்பேட்டை_குருவி

ஒரே ஒரு கேள்வி. இவ்ளோ பேசியாச்சு, நான் இன்னும் பார்க்கல. ஸ்பாய்லர்லாம் படிச்சுட்டேன், பரவால்ல. பாதியில நிக்கும்னு தெரிஞ்சே இப்ப ஆரம்பிக்கலாமா, வேணாமா?


தண்டையார்பேட்டை_தாமரை

வேணாம். டார்க் பாரு. மூணு சீசனும் முடிஞ்ச சீரிஸ்.


பழைய_வண்ணை

ஆரம்பி. நல்ல கப்பல், நல்ல ஆளுங்க. ஏழாவது எபிசோடோட நிறுத்திட்டா உனக்கு நஷ்டமே தெரியாது.


பெரம்பூர்_லோகோ

ஆரம்பி, ஆனா 149 ரூபா மொபைல் பிளான்ல பார்க்காதே. முக்கால்வாசிக் காட்சி இருட்டு. போன் திரையில உன் மூஞ்சிதான் தெரியும். யார் வீட்டுலயாவது பெரிய டிவி இருந்தா போய் உக்காரு.


எண்ணூர்_மீனா

முதல்ல ஆடியோவை ஒரிஜினலுக்கு மாத்து. மறக்காம.


வியாசை_கோல்கீப்பர்

எங்கூட்டுக்கு வா குருவி. டிவி பெருசு. சனிக்கெழம மேட்ச் முடிஞ்சிதுன்னா நான் ஃப்ரீதான். பொங்கலுக்கு ரெண்டு பெரிய படம் வருது, அதுக்குள்ள முடிச்சிடலாம். வரும்போது ரெண்டாவது லைன் பீச் ரோட்டாண்ட அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸு, வாங்கினு வந்துடு.


கொருக்குப்பேட்டை_குருவி

கோல்கீப்பர் வீட்டுல கீறேன். அத்தோ காலி. பையனைத் தூக்கி நிஜமாவே கடல்ல போட்டுட்டானுங்க! இது எப்படி சரியாவும்? யாராவது சொல்லுங்க, இவன் சொல்ல மாட்டேன்றான்.


டாலி_கிளார்க்

போனைக் கீழ வெச்சுட்டு அடுத்த எபிசோடைப் போடு.